கோடு எங்கே? – ஒரு பூனையின் ஊடுகதிர்ப் படமும் அதன் பின்னுள்ள வரலாறும்



திருத்த வேண்டிய தாள்கள் மேசைமேல் குவிந்து கிடக்க, நான் ஒரு பூனையைப் பற்றி எழுத அமர்ந்திருக்கிறேன். வரலாறு கற்பிப்பவனுக்குப் பூனையோடு என்ன வேலை என்று கேட்பவர்கள் சற்றுப் பொறுமையுடன் படிக்குமாறு வேண்டுகிறேன்.

2025 ஆகஸ்டு மாதத்தில் ஒரு வியாழக்கிழமை மாலை, ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தியின் தாயார் எனக்குத் தொலைபேசியில் அழைத்தார். "சார், வீட்டுப் பூனை நாலாவது மாடியிலிருந்து விழுந்துவிட்டது. அவள் அப்பா இரவு வேலைக்குப் போய்விட்டார். பிள்ளை அழுகையை நிறுத்தவில்லை" என்றார். அவர்கள் வசிக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பு எங்கள் பள்ளிக்கு எதிர்ச்சாலையில்தான் உள்ளது. துணி காயப்போடும் பால்கனியில் ஒரு புறாவைப் பிடிக்கத் தாவியிருக்கிறது பூனை. அதன் பெயர் சிட்டு. பறவைக்குரிய பெயரைப் பூனைக்கு வைத்தவள் அந்த மாணவிதான்.

நான் மகிழுந்தை எடுத்துக்கொண்டு போனேன். பக்கத்து ஊரில் இருந்த ஒரு மருந்தகத்திற்குக் கொண்டு சென்றோம். அங்கிருந்த இளம் மருத்துவர் பின்னங்காலைத் தொட்டுப் பார்த்து, உடனே படம் எடுத்து, ஒளிப்பெட்டியில் மாட்டினார். தொடை எலும்பு இரண்டாக முறிந்து, ஒரு துண்டு மற்றொன்றின்மேல் ஏறி நின்றது. கண் தெரிந்த எவருக்கும் விளங்கும் முறிவு. வலி தணிக்கும் ஊசி போட்டார்; திங்கட்கிழமை கம்பி வைத்து அறுவை செய்யலாம் என்றார். நாங்களும் நிம்மதியுடன் வீடு திரும்பினோம். படத்தையே நேரில் பார்த்துவிட்டோம் அல்லவா? பார்த்துவிட்டால் தெரிந்துகொண்டதாகத்தானே பொருள் என்று அன்றிரவு எண்ணினேன்.

சனிக்கிழமை காலை சிட்டு வாயைத் திறந்து மூச்சு வாங்கத் தொடங்கியது. நாய் வாயைத் திறந்து மூச்சுவிடுவது இயல்பு. பூனை அப்படிச் செய்தால் அது அபாயம் என்று பின்னர்தான் அறிந்தேன். முதலில் போன மருந்தகம் அன்று மூடியிருந்தது. நகரத்திலிருந்த வேறொரு மருந்தகத்திற்கு ஓடினோம். அங்கிருந்தவர் நடுவயது மலாய்ப் பெண்மணி. காலைப் பார்க்கவே இல்லை. பூனையை ஒரு கூண்டில் வைத்து உயிர்வளி கொடுத்து, அது சற்றுத் தெளிந்த பின்னர் நெஞ்சுக்கு இரண்டு படங்கள் எடுத்தார். ஒன்று பக்கவாட்டில், மற்றொன்று நேராக. கணினித் திரையில் படம் வந்ததும் என்னை அருகில் அழைத்தார்.

நான் முந்திக்கொண்டேன். தோளுக்கு முன்னே வளைந்த சிறு எலும்புத் துண்டு ஒன்று தனியாக மிதந்துகொண்டிருந்தது. "டாக்டர், இங்கும் ஒரு முறிவு!" என்றேன்.

அவர் சிரித்தார். "அது காறை எலும்பு, சிக்கு. பூனைக்கு அது அப்படித்தான் இருக்கும். எதனோடும் ஒட்டாமல் தசைக்குள் தொங்கும்." பிறகு வயிற்றுக்கும் நெஞ்சுக்கும் இடைப்பட்ட பகுதியில் விரலை வைத்தார். "இந்த இடத்தில் ஒரு கோடு இருக்க வேண்டும். தெரிகிறதா?"

"இல்லை."

"அதுதான் நோய்" என்றார்.

உதரவிதானம் கிழிந்திருந்தது. நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் அந்த மெல்லிய தசைத்திரையின் வழியே ஈரலின் ஒரு மடலும் குடலின் ஒரு பகுதியும் நெஞ்சுக்குள் ஏறி, நுரையீரலை நசுக்கிக்கொண்டிருந்தன. வியாழக்கிழமையே அது கிழிந்திருக்க வேண்டும். நாங்கள் எல்லாரும் தொடை எலும்பைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அன்று அறுவை அறைக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் அந்தச் சிறுமியோடு அமர்ந்திருந்த சில மணி நேரம் எனக்குள் ஒரே கேள்வி சுழன்றது. இல்லாத கோட்டைப் பார்க்க மனிதன் எப்போது கற்றுக்கொண்டான்? அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு பின்னர்ப் படித்ததையே இங்கு எழுதுகிறேன்.

ஊடுகதிர் கண்டுபிடிக்கப்பட்ட கதை நம் மாணவர்களுக்கும் ஓரளவு தெரியும். 1895 நவம்பர் 8ஆம் நாள் மாலை, ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் நகரில், வில்ஹெல்ம் ரோண்ட்கன் என்னும் இயற்பியல் பேராசிரியர் கறுப்பு அட்டையால் மூடிய கண்ணாடிக் குழாய் ஒன்றில் மின்சாரத்தைச் செலுத்தினார். இருட்டறையில், சற்றுத் தொலைவில், பேரியம் உப்புப் பூசிய திரை ஒன்று ஒளிர்ந்தது. மூடிய குழாயிலிருந்து ஏதோ ஒன்று வெளிவருகிறது என்று உணர்ந்தார். இன்னதென்று தெரியாததால் அதற்கு எக்ஸ் என்று பெயரிட்டார். டிசம்பர் 22ஆம் நாள் தம் மனைவியின் கையை ஒளித்தட்டின்மேல் வைக்கச் செய்து படம் எடுத்தார். விரல் எலும்புகளும் மோதிரமும் பதிந்த அந்தப் படம் 1896 சனவரிக்குள் உலகெங்கும் பரவிவிட்டது. 1901இல் இயற்பியலுக்கான முதல் நோபல் பரிசு அவருக்கே வழங்கப்பட்டது. தம் கண்டுபிடிப்பிற்குக் காப்புரிமை பெற அவர் மறுத்தார் என்பதையும் மாணவர்களிடம் சொல்லலாம்.

அந்தக் கதிர்களின் முன் விலங்குகள் வர நெடுநாள் ஆகவில்லை. 1896இன் தொடக்கத்திலேயே வியன்னாவில் யோசப் மரியா ஏடர், எதுவார்டு வலெண்டா ஆகிய இருவர் 15 படங்கள் கொண்ட தொகுப்பு ஒன்றை வெளியிட்டனர். மீன், தவளை, பச்சோந்தி, எலி, பாம்பு என அவற்றின் எலும்புக்கூடுகள் பட்டு நூலால் நெய்தவை போல் அதில் தெரியும். இன்றும் பார்ப்பவரை வியக்க வைக்கும் அழகு. ஆனால் அவை நலமான உடல்களின் படங்கள். எதையும் கண்டறிவதற்காக எடுக்கப்பட்டவை அல்ல.

அதே 1896இல் பெர்லின் கால்நடை மருத்துவக் கல்லூரியில் ரிச்சர்டு எபர்லைனும், லண்டனில் பிரெடரிக் ஹாப்டேயும் இக்கதிர்களைக் கால்நடை மருத்துவத்தில் பயன்படுத்தத் தொடங்கினர். அவர்கள் பெரிதும் நாடியது குதிரையின் காலை. அக்காலத்தில் கால்நடை மருத்துவர் என்றாலே குதிரை மருத்துவர்தான். வண்டி இழுத்ததும் போருக்குச் சென்றதும் குதிரையே. நொண்டும் குதிரைக்குப் பண மதிப்பு உண்டு. பூனைக்கு என்ன மதிப்பு? அதுமட்டுமன்று. அன்றைய கருவிகளுக்கு ஒரு படம் பதியப் பல நிமிடங்கள் வேண்டும். அத்தனை நேரம் ஒரு பூனையை அசையாமல் வைத்திருக்க எவரால் முடியும்? நம் வகுப்பில் முதலாம் ஆண்டு மாணவர்களை வரிசையில் நிறுத்துவதே எளிது.

ஆயினும் பூனையை ஊடுகதிரின் முன் பொறுமையாக வைத்துப் பார்த்த ஒருவர் இருந்தார். அவரைப் பற்றி விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். ஆசிரியர்களாகிய நமக்கு அவரோடு ஓர் உறவு உண்டு.

1896ஆம் ஆண்டு இறுதியில் வால்ட்டர் கேனன் என்னும் இளைஞர் அமெரிக்காவின் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் முதலாம் ஆண்டு மாணவராக இருந்தார். உணவு விழுங்கப்படும்போது உள்ளே என்ன நடக்கிறது என்பதைப் புதிய கதிர்களைக் கொண்டு பார்க்க முடியுமா என்று அவருடைய பேராசிரியர் ஹென்றி பௌடிச் வினவினார். கேனனும் உடன் பயின்ற ஆல்பர்ட் மோசரும் முதலில் ஒரு நாயைப் பொத்தான் ஒன்றை விழுங்கச் செய்து திரையில் அதன் நிழலைப் பார்த்தனர். பிறகு வாத்து இனத்தைச் சேர்ந்த கூஸ் பறவை. அதன் நீண்ட கழுத்தில் உணவு இறங்குவதை நின்று நிதானமாகக் காணலாம். சாதாரண உணவு கதிர்களுக்குத் தெரியாது என்பதால் அதனுடன் பிஸ்மத் உப்பைக் கலந்தனர். இன்று மனிதருக்கு வயிற்றுப் படம் எடுக்கும்போது பேரியம் கரைசல் குடிக்கச் சொல்கிறார்களே, அந்த முறையின் வேர் இதுதான்.

பின்னர்க் கேனன் பூனைக்கு மாறினார். பிஸ்மத் கலந்த ரொட்டியை உண்ட பூனையின் இரைப்பையில் அலை அலையாய் அசைவுகள் எழுவதை ஒளிர்திரையில் கண்டு, மெல்லிய தாளில் வரைந்துகொண்டார். 1898இல் அக்கட்டுரை வெளிவந்தது. ஆனால் ஓர் இடையூறு. சில பூனைகளிடம் அசைவே தென்படவில்லை. குறிப்பாக, கட்டி வைத்ததும் சினந்து திமிறிய ஆண் பூனைகளிடம். அமைதியாகப் படுத்திருந்த பெண் பூனைகளிடம் அசைவு நன்கு தெரிந்தது. குட்டி ஈன்றிருந்த ஒரு தாய்ப்பூனை நடுவில் அமைதி குலைந்து பதற்றமுற்றபோது அதன் இரைப்பை நின்றுவிட்டது. அதைத் தடவிக்கொடுத்து, அது உறுமி மகிழத் தொடங்கிய பின்னரே அசைவு திரும்பியது.

வேறு ஒருவராக இருந்தால் "சோதனை கெட்டுவிட்டது" என்று அந்தப் பூனைகளைக் கணக்கிலிருந்து நீக்கியிருப்பார். கேனன் நீக்கவில்லை. அசைவு இல்லாமற்போனதே ஒரு செய்தி என்று கொண்டார். அச்சமும் சினமும் செரிமானத்தை ஏன் நிறுத்துகின்றன என்ற கேள்வியைத் தொடர்ந்து சென்று, 1915இல் வலி, பசி, அச்சம், சினம் ஆகியவற்றின்போது உடலில் நிகழும் மாற்றங்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் உளவியல் பாடத்தில் நாம் படித்த "எதிர்த்து நில் அல்லது தப்பி ஓடு" என்னும் கருத்து அவருடையதே. தேர்வு நாளன்று காலை உணவு இறங்காமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும் மாணவரைப் பார்க்கும்போதெல்லாம் இனி எனக்கு அந்தத் தாய்ப்பூனை நினைவுக்கு வரும்.

இதற்கு விலையும் இருந்தது. பாதுகாப்பு முறைகள் ஏதுமின்றிப் பல ஆண்டுகள் கதிர்களின் அருகில் நின்றவர் கேனன். 1945இல் அவர் இறக்குமுன் அவரை வாட்டிய தோல் நோய்க்கு இளமையில் பட்ட அக்கதிர்களே காரணம் என்று கருதப்படுகிறது. எடிசனின் உதவியாளரான கிளாரன்ஸ் டேலி என்பவர் 1904ஆம் ஆண்டிலேயே இக்கதிர்களின் கொடுமையால் கைகளை இழந்து மாண்டார். சனிக்கிழமை அந்த மருத்துவர் எங்களை வெளியே அனுப்பிவிட்டு, கனமான ஈய மேலங்கியை அணிந்துகொண்ட காட்சிக்குப் பின்னால் இத்தனை பேர் இருக்கிறார்கள்.

கருவிகளின் வளர்ச்சியை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். 1913இல் வில்லியம் கூலிட்ஜ் அமைத்த புதிய குழாய், கதிர்களின் அளவைச் சீராகக் கட்டுப்படுத்த வழி செய்தது. கண்ணாடித் தட்டுகளின் இடத்தைப் படச்சுருள் பிடித்தது. படம் எடுக்கும் நேரம் நிமிடங்களிலிருந்து நொடிகளாகி, நொடியின் சிறு பகுதியாகியது. மோட்டார் வண்டிகள் பெருகி நகரத் தெருக்களிலிருந்து குதிரைகள் மறைந்தபோது, கால்நடை மருத்துவர்களின் கவனம் வீட்டில் வளரும் விலங்குகளின்பால் திரும்பியது. பாஸ்டன் நகரின் ஏஞ்சல் நினைவு விலங்கு மருத்துவமனையில் பணியாற்றிய ஜெரி ஷ்னெல் 1945இல் ஊடுகதிரியல் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அதுவும் நாய்களைப் பற்றியதுதான். பூனையின் முறை அப்போதும் வரவில்லை.

கருவி இவ்வளவு வளர்ந்ததே, படத்தைப் படிக்கும் கண் வளர்ந்ததா? எனக்குப் பெரிதும் வியப்பளித்த பகுதி இதுதான்.

இரண்டாம் உலகப் போரையொட்டிய ஆண்டுகளில் காசநோயைக் கண்டறிய மக்களுக்குக் கூட்டங்கூட்டமாக மார்புப் படங்கள் எடுக்கப்பட்டன. (நாமும் அரசுப் பணியில் சேருமுன் மருத்துவச் சோதனைக்காக மார்பைக் காட்டி நின்றவர்கள்தாமே!) 1947இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், ஒரே படங்களை வெவ்வேறு வல்லுநர்களிடம் கொடுத்துப் பார்த்தபோது அவர்கள் ஒருவரோடொருவர் முரண்பட்டனர். அது மட்டுமா? சில வாரங்கள் கழித்து அதே படத்தை அதே வல்லுநரிடம் கொடுத்தபோது, முன்பு தாம் சொன்னதையே அவர் மறுத்த நிகழ்வுகளும் இருந்தன. 1949இல் சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த ஹென்றி கார்லண்ட் என்னும் ஊடுகதிர் மருத்துவர், நோய் இருக்கும் மார்புப் படங்களில் ஏறத்தாழ 30 விழுக்காட்டைத் தேர்ந்த மருத்துவர்களே தவறவிடுகிறார்கள் என்று எடுத்துக்காட்டினார். தம் துறையின் குறையைத் தாமே எண்ணிக்கையோடு வெளியிட எவ்வளவு நேர்மை வேண்டும்! கட்டுரைகளுக்கு மதிப்பெண் இடும் நாம் இப்படி ஒரு சோதனைக்கு உட்படத் துணிவோமா என்று ஒரு கணம் நினைத்துப் பார்த்தேன். அந்தப் பேச்சை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம்.

தவறுகளில் ஒரு வகையை அத்துறையினர் தனியே பெயரிட்டு வைத்திருக்கிறார்கள். தேடியது ஒன்று கிடைத்தவுடன் கண் மனநிறைவடைந்து தேடலை நிறுத்திவிடுகிறது. இரண்டாவது குறை அப்படியே கிடக்கிறது. எங்கள் வியாழக்கிழமை இரவு அதுதான். அந்த இளம் மருத்துவரை நான் குறை கூறவில்லை. முறிந்த தொடை எலும்பு அத்தனை வெளிச்சமாக நின்றது. நானும் அவரோடு சேர்ந்து அதையே பார்த்தேன்.

கோட்டின் கதைக்கு வருகிறேன். ஊடுகதிர்ப் படத்தில் நாம் காண்பது உடலை அன்று, உடலின் நிழலை. அதில் அடிப்படையாக ஐந்து செறிவுகளே உண்டு. காற்று கறுப்பு. கொழுப்பு அடர்சாம்பல். நீரும் தசையும் குருதியும் ஈரலும் எல்லாம் ஒரே சாம்பல். எலும்பு வெளுப்பு. உலோகம் பளீர் வெள்ளை. ஈரலையும் தசையையும் குருதியையும் கதிர் வேறுபடுத்திக் காட்டாது என்பதுதான் இங்கே முடிச்சு. இரண்டு பொருள்களுக்கு இடையே ஓரம் தெரிய வேண்டுமானால் அவற்றின் செறிவு வேறுபட வேண்டும். உதரவிதானம் மிக மெல்லியது. அது நமக்குக் கோடாகத் தெரிவதற்குக் காரணம், அதன் ஒரு பக்கத்தில் கறுப்பான நுரையீரலும் மறுபக்கத்தில் சாம்பலான ஈரலும் இருப்பதுதான். ஈரல் நெஞ்சுக்குள் ஏறிவிட்டால் சாம்பலோடு சாம்பல் கலந்து கோடு மறைந்துவிடும்.

இதை ஒரு விதியாக வகுத்து 1950இல் கட்டுரை வெளியிட்டவர்களில் முதன்மையானவர் சின்சினாட்டி நகரின் பெஞ்சமின் ஃபெல்சன். இதயத்தின் ஓரமோ உதரவிதானத்தின் ஓரமோ மறைந்திருந்தால், அதை ஒட்டியுள்ள இடத்தில்தான் கோளாறு என்று அவர் காட்டினார். இது மனிதருக்காக எழுதப்பட்டது. அதே விதிதான் விலங்குகளுக்கும். ரோண்ட்கன் கதிரைக் கண்டது 1895. மறைந்த ஓரம் விதியாக எழுதப்பட்டது 1950. இடையில் 55 ஆண்டுகள். கதிரைக் கண்டுபிடிக்க ஒரு மாலைப்பொழுது போதுமானதாக இருந்தது.

இரண்டு படங்கள் எடுத்தது ஏன் என்பதற்கும் ஒரு விளக்கம். வகுப்பறையில் ஒரு பென்சிலை விளக்கொளியில் காட்டிச் சுவரில் அதன் நிழலை விழச் செய்யுங்கள். நீளவாக்கில் காட்டினால் கோடு. முனையைக் காட்டினால் புள்ளி. நிழல் ஒன்றைப் பார்த்து அது பென்சிலா காசா என்று சொல்ல முடியாது. செங்கோணத்தில் இரண்டு நிழல்கள் வேண்டும். மாணவர்களுக்கு இதைச் செய்து காட்டினேன். மிகவும் விரும்பினார்கள்.

பூனையின் படத்தில் என்னைப் போன்றவர்களை ஏமாற்றும் இடங்கள் வேறு சிலவும் உண்டு. மிதக்கும் காறை எலும்பைச் சொன்னேன். முழங்காலின் பின்புறம் மணி போன்ற சிறு எலும்புகள் இருக்கும். உடைந்து சிதறிய துண்டுகள் என்று தோன்றும். இளம் பூனைகளின் எலும்பு முனைகளில் கறுப்புக் கீற்றுகள் காணப்படும். அவை விரிசல்கள் அல்ல. எலும்பு நீளும் வளர்ச்சித் தட்டுகள். இருக்கும் ஒன்றைக் குறை என்று எண்ணுவதும், இல்லாத ஒன்றைக் காணாமல் விடுவதும் ஆகிய இரண்டு பிழைகளையும் இரண்டு நாள்களில் நான் செய்து முடித்திருந்தேன்.

மாடியிலிருந்து விழும் பூனைகளுக்குத் தனி வரலாறே உண்டு. பூனை எப்படி விழுந்தாலும் காலூன்றி இறங்கும் என்பது நம் பாட்டிமார்களும் அறிந்தது. 1894இல் பிரெஞ்சு அறிஞர் எத்தியேன் ஜூல் மாரே, தலைகீழாக விடப்பட்ட பூனை அந்தரத்தில் உடலைத் திருப்பிக்கொள்வதைத் தொடர் நிழற்படங்களாக எடுத்து வெளியிட்டார். ரோண்ட்கனின் கண்டுபிடிப்புக்கு ஓராண்டு முன்னர்! காலூன்றி இறங்குவது உண்மை. இறங்கும்போது உள்ளே என்ன ஆகிறது என்பதை நிழற்படம் காட்டவில்லை.

அதைக் காட்டியது நியூயார்க். அங்குள்ள விலங்கு மருத்துவ நிலையம் ஒன்றில் 1984இல் ஐந்து மாதங்களுக்குள் 132 பூனைகள் மாடியிலிருந்து விழுந்து கொண்டுவரப்பட்டன. வெயின் விட்னி, செரில் மெல்ஹாஃப் என்னும் இரு மருத்துவர்கள் அவற்றை ஆராய்ந்து 1987இல் கட்டுரை வெளியிட்டனர். சராசரியாக ஐந்தரை மாடி உயரம். சிகிச்சை பெற்றவற்றில் 90 விழுக்காடு பிழைத்தன. எந்தப் பத்திரிகையும் விரும்பும் செய்தி இன்னொன்றும் அதில் இருந்தது. ஏழு மாடி வரை காயங்கள் கூடிக்கொண்டே போயின. அதற்கு மேல் குறைந்தன. உச்ச வேகத்தை அடைந்தபின் பூனை உடலைத் தளர்த்திக் கைகால்களைப் பரப்பி விழுவதால் இருக்கலாம் என்று விளக்கம் தரப்பட்டது. உயரம் கூடக் கூடப் பூனைக்கு நல்லது என்ற கதை இன்றும் இணையத்தில் உலவுகிறது.

நம் மாணவர்களிடம் இதைச் சொல்லி, இந்தக் கணக்கில் எந்தப் பூனைகள் இல்லை என்று கேட்டுப் பாருங்கள். என் வகுப்பில் ஒரு பையன் சற்று நேரம் யோசித்துவிட்டு, "செத்துப்போன பூனையை யாரும் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போக மாட்டார்கள் சார்" என்றான். இருபதாவது மாடியிலிருந்து விழுந்து அங்கேயே மாண்ட பூனைகள் அந்த 132இல் சேரவில்லை. இக்குறையைப் பலரும் பின்னர்ச் சுட்டிக்காட்டியுள்ளனர். குரோவேசியாவின் சாகிரப் நகரில் 119 பூனைகளை ஆராய்ந்து 2004இல் வெளியிட்ட கட்டுரை, ஏழாம் மாடிக்கு மேலிருந்து விழுந்தவற்றுக்கே காயம் கடுமையாகவும் நெஞ்சுக் காயம் மிகுதியாகவும் இருந்தன என்கிறது.

ஆனால் நியூயார்க் கட்டுரையில் பத்திரிகைகள் பெரிதுபடுத்தாத ஒரு வரிதான் என்னை உலுக்கியது. அந்தப் பூனைகளில் 90 விழுக்காட்டிற்கு நெஞ்சில் ஏதோ ஒரு காயம் இருந்தது. கால் முறிந்தவை 39 விழுக்காடுதான். சாகிரபில் நெஞ்சுக் காயம் மூன்றில் ஒரு பங்கு என்ற அளவிலேயே காணப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். எப்படியாயினும், விழுந்த பூனைக்கு முதலில் நெஞ்சைப் பார் என்னும் பாடம் 1987 முதல் எழுத்தில் இருக்கிறது. காலைப் பார்த்தவுடன் நெஞ்சு நினைவுக்கு வர வேண்டும். அது தெரியாமல் இரண்டு இரவுகள் அந்தச் சிறுமி சிட்டுவைத் தன் படுக்கையின் அருகில் அட்டைப் பெட்டியில் வைத்திருந்தாள். வெள்ளிக்கிழமை அவள் அம்மா, "சார், கொஞ்சம் வேகமாக மூச்சு விடுகிறது, வலியாக இருக்குமோ?" என்று கேட்டார். வலிதான், திங்கட்கிழமை சரியாகிவிடும் என்று சொன்னவன் நான். இதை எழுதுவது எளிதாக இல்லை.

அடுக்குமாடிகளில் வாழும் பெற்றோர்களுக்கு ஒரு சொல். நாலாம் மாடி உயரமில்லை என்று எண்ண வேண்டாம். சன்னலுக்கும் பால்கனிக்கும் வலை அடியுங்கள். சிங்கப்பூரில் வீவக வீடுகளில் பூனை வளர்க்க நெடுங்காலம் இசைவில்லாதிருந்து, 2024 செப்டம்பர் 1 முதல் உரிமத்துடன் இரண்டு பூனைகள் வரை வளர்க்கலாம் என்றானபோது, சன்னல் வலையும் கூடவே வலியுறுத்தப்பட்டது. அங்குள்ளவர்கள் அனுபவப்பட்டவர்கள். விழுந்துவிட்டால், பூனை நடந்தாலும் சரி, மருத்துவரிடம் கொண்டுபோய் நெஞ்சுக்கும் படம் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதில் தவறில்லை.

சிட்டுவின் அறுவை மூன்று மணி நேரம் நடந்தது. குடலையும் ஈரலையும் கீழே இறக்கி உதரவிதானத்தைத் தைத்தார்கள். மூச்சு சீரான பின்னரே, மறு வாரம், காலுக்குக் கம்பி வைத்தார்கள். செலவை அந்தத் தந்தை தவணையில் கட்டினார். என்னால் இயன்றதை நானும் கொடுத்தேன். அதை அவர் கடனாகத்தான் வாங்கிக்கொண்டார்.

ஆறு வாரம் கழித்து மறுபடியும் படம் எடுத்தார்கள். மருத்துவர் அதை என் கைப்பேசிக்கு அனுப்பினார். பழைய படத்தையும் புதிய படத்தையும் பெரிதாக அச்செடுத்து வகுப்பறைச் சன்னலில் பக்கம் பக்கமாக ஒட்டினேன். காலை வெயிலில் இரண்டும் ஒளிர்ந்தன. மாணவர்கள் எல்லாரும் தொடையில் வெள்ளையாய் மின்னிய கம்பியைச் சுட்டிக்காட்டி இரைச்சல் போட்டார்கள். அந்த மாணவி மட்டும் கம்பியைப் பார்க்கவில்லை. புதிய படத்தின் அருகில் சென்று, விலா எலும்புகளைக் கடந்து, விரலை மெல்ல நகர்த்தி, ஓரிடத்தில் நிறுத்தினாள்.

"சார், கோடு வந்துவிட்டது."